கிளட்சை மிதித்த கால்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மேலே படிக்க வேண்டாம். எனக்கே நடந்தது. இருட்டிலும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், என் சொந்த ஷெட்டில். பாதி ஆயுளை வண்டிக்கு அடியில் படுத்தே கழித்தவன் நான். பேய் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

என் மனைவியின் தம்பி ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். என்னைக் கேட்கவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று எவனோ சொல்ல, கம்பெனி கிளட்சை விட்டுவிட்டு ஏதோ ஒரு வெளிக் கம்பெனி கிளட்ச் செட்டை வாங்கி, எங்கேயோ கொடுத்து மாட்டியும் விட்டான். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. மாட்டிய நாளிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. அப்போதுதான் ஐயாவுக்கு மாமா ஞாபகம் வந்தது.

"வாங்கும்போது எங்கடா போச்சு இந்த வாய்?"

"திட்டறத அப்புறமா திட்டுங்க மாமா. முதல்ல பாருங்க."

பார்த்தேன். கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் பெடல் இப்படித்தான் மெத்தென்று ஆகும். அவனை மிதிக்கச் சொல்லி, நான் அடியில் படுத்துக் காற்றை வெளியேற்றினேன். திரும்பத் திரும்ப. எண்ணெய் முகத்தில் வழிந்தது. குமிழி நின்றுவிட்டது. பெடல் மட்டும் அப்படியே.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும். பெடலை மிதித்தால் முன்னால் வருகிற தள்ளுகம்பி கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கும்; அதை அடியில் இருப்பவர் பார்க்க வேண்டும். மேலே கால் அசையாமல் இருக்கும்போதே கீழே கம்பி பின்வாங்கினால், பெடலுக்கு முன்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

"ஒரு நிமிஷம் மாமா."

செருப்புச் சத்தம் வாசல்வரை போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

டப்... கார் கதவு சாத்தும் சத்தம். வண்டி ஒரு பக்கமாக லேசாக இறங்கியது. யாரோ உட்கார்ந்தாயிற்று.

"மிதி."

கம்பி முன்னால் வந்தது.

"அப்படியே பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாத."

"சரிங்க."

பெண் குரல். என் மனைவிதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இந்தக் காரை வைத்துக் காலையில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் வாயிலிருந்து 'சரிங்க' வந்து பல வருடம் ஆயிற்றே என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

கம்பி மெல்லப் பின்வாங்கியது.

"விடாதன்னேன்ல!"

"நான் விடல."

தொண்டை கட்டிய குரல்.

"திரும்ப மிதி."

வந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்து பின்னால் போனது.

"காலை எடுக்காதன்னு சொல்றேன், காது கேக்கலையா?"

"நான் விடவே இல்லைங்க... நல்லா பாருங்க..."

அழுகை.

தலையைத் திருப்பினேன். வாசலில் மச்சானின் செருப்புகள். இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில்... என் மனைவியின் கால்கள்.

"இன்னும் முடியலையா உங்களுக்கு?" அவள் குரல் அங்கிருந்து வந்தது.

அப்படியானால் உள்ளே...?

கம்பி முன்னால் வந்தது.

நான் சொல்லாமலே.

நின்றது...

பின்வாங்கியது...

"பாத்தீங்களா?"

நெற்றி இடிபட வெளியே உருண்டேன். சீட் காலி. பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

"பாத்தேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. "நீங்க விடல."

பெடல் மெதுவாக மேலே வந்தது.

மறுநாள் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. பழைய கிழிசல். புது கிளட்சின் ஸ்பிரிங் கொஞ்சம் முரடு. அது கிழிசலைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அந்த ரப்பரை எடுத்துக்கொண்டு வண்டியை விற்றவன் வீட்டுக்கு நேராகப் போனேன்.

"ஏன்யா, இதை மறைச்சுதான் எங்க பையன் தலையில கட்டினியா?"

அவன் ரப்பரைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் காருக்கு அடியில்தான் அவன் அண்ணன் நசுங்கிச் செத்திருக்கிறார். இன்ஜின் ஓட, கியர் விழுந்திருக்க, கிளட்சை மிதித்துக்கொண்டு சீட்டில் இருந்தவர் அண்ணி. கிளட்ச் விட்டுப்போனதும் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிட்டது.

"அண்ணி காலை எடுத்துட்டாங்கன்னு... நாங்க எல்லாருமே..."

"எடுக்கல! விட்டது இந்த ரப்பர்!" கத்தினேன். "ரெண்டு வருஷத்துல ஒருத்தனாவது வண்டியைப் பிரிச்சுப் பாத்தீங்களா? அந்தப் பொம்பளையைப் பழி சொல்ல மட்டும் வாய் வந்துச்சா? கூப்பிடு அவங்கள. நானே சொல்றேன்."

அவன் நிமிரவில்லை.

"படுத்த படுக்கையாத்தான் கிடந்தாங்க. நேத்து மத்தியானம் போயிட்டாங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. எங்களுக்குப் புரியல."

"என்ன?"

"'அடியில இருக்கறவரு பாத்துட்டாரு'ன்னு."