யோகம் அன்ரி வீட்டில் தங்கிய குவாட்டர்பாக்குகள்

வேலைக்குப் புறப்படுவதற்காகக் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் ரெலிபோனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. மறுமுனையில் யோகம் அன்ரியின் பெறாமகள் மாலா.

“அக்கா, பெரியம்மா விடியப் போயிட்டா” என்றாள்.

 றிச்மண்ட் ஹில்லிலிருந்து ஸ்காபரோவுக்கு அன்று காலை எந்த வழியால் போனேன் என்பது எனக்கு நினைவில் இல்லை.

மலர்ச்சாலையில், அன்ரியின் உடலுக்குப் பக்கத்தில், அவரை அறிந்த உங்களில் பலரைக் கண்டேன். அன்ரியின் கத்தரிக்காய்ப் பால்கறியைப் பற்றிப் பேசினீர்கள். ஊரைவிட்டு இந்த நாட்டில் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் அவர் தேடிக் கொண்டுவந்து தந்த பழைய கோட்டுகளைப் பற்றிப் பேசினீர்கள். ஒருவர் மட்டும் அந்த அமெரிக்கப் பெடியனின் கதையை எடுத்தார். பக்கத்தில் நின்றவர், “இந்த இடத்தில அது ஏன், விடும்” என்று தடுத்துவிட்டார். அதை விடக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் வந்த வருடம் ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அன்ரியின் வீட்டு மேல்மாடியில், அவருடைய அறைக்குப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தவள் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

நகரத்தின் கால்பந்து அணி தோற்றுக்கொண்டேயிருந்த காலம் அது. நாங்கள் ஊரில் உதைத்த பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனை விழுத்துவதுமான விளையாட்டு. பின்னால் நின்று பந்தை எறிகிறவன்தான் குவாட்டர்பாக். அவன் சரியில்லை என்றால் மற்றவர்கள் எவ்வளவு ஓடியும் பயனில்லை. பல வருடங்களுக்கு நம்பி வைத்திருக்கக்கூடிய ஒருவன் அந்த அணிக்கு அகப்படவேயில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள், சில கிழமைகள் பார்ப்பார்கள், அனுப்பிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். இப்படி வந்துபோகிறவர்களை ஹோட்டலில் வைத்திருக்கக் கட்டுபடியாகவில்லை போலும். கோப்பிக் கடைச் சுவரில் அன்ரி ஒட்டியிருந்த வாடகை அறிவித்தலைப் பார்த்துவிட்டு அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அன்ரி வீட்டின் நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மன்ற் அப்படித்தான் குவாட்டர்பாக்குகளின் தங்குமிடமானது.

முதலில் வந்தவன் சாமான்களை முழுதாக அவிழ்க்க முன்பே திரும்பிப் போய்விட்டான். இரண்டாவதாக வந்தவர் வயதில் மூத்தவர், பல அணிகளில் அடிபட்டவர். முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்து, உப்புப் போத்தலையும் தேநீர்க் கோப்பைகளையும் நகர்த்தி அன்ரிக்கு அந்த விளையாட்டை விளக்கியவர் அவர்தான். உப்புப் போத்தல் குவாட்டர்பாக். நாலு பக்கத்தாலும் கோப்பைகள் வந்து மோதின. அன்ரி உப்புப் போத்தலை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “எல்லாரும் உவனுக்கு மேலதான் விழுறாங்களெண்டா, உவனுக்குப் பின்னால ஆர் நிக்கினம்? கேளு பிள்ளை” என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். ஒருவரும் இல்லை என்று அந்த மூத்தவர் சிரித்தார். புரட்டாதியில் அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

பிறகு டேரல் வந்தான். அமெரிக்காவின் தென்பகுதியில் ஏதோ ஒரு சின்ன ஊர். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்தே நடப்பான். சமையலறைக்கு வரும்போதெல்லாம் வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவான். முதல் நாளே அன்ரி அவனுக்கு இடியப்பமும் சொதியும் வைத்தார். தலை குனிந்து ஏதோ சொல்லிக் கும்பிட்டுவிட்டு, சுற்றி வைத்த இடியப்பத்தை நூல் நூலாகப் பிரித்து ஆராய்ந்துவிட்டுச் சாப்பிட்டான். பிறகு தட்டைக் கழுவி வைத்தான். வாடகைக்கு இருந்த எங்கள் ஆண்பிள்ளைகள் ஒருவரும் செய்யாத காரியம் அது.

“வாசலைத் தாண்டி உள்ளுக்கு வந்து சாப்பிட்டவன் வாடகைக்காரன் இல்லை, வீட்டுப் பிள்ளை” என்று அன்ரி அடிக்கடி சொல்வார். டேரலிடம் அது உண்மையாகவே நடந்தது. அன்ரி வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைசெய்துவிட்டு வந்து கால்வீக்கத்தோடு இருப்பார்; அவன் குப்பையைக் கொண்டுபோய் வைப்பான், பனி விழுந்த அன்று நடைபாதையை வழித்துவிட்டான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவன் ‘ஆன்டி’ என்று கூப்பிடும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

டேரல் ஆடத் தொடங்கியதும் அணி வென்றது. அடுத்ததிலும் வென்றது. இவன்தான் தேடிய ஆள் என்று ரிவியில் பேசத் தொடங்கினார்கள். அன்ரி கீழே விரித்த பாயில் இருந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி பார்ப்பார். அவன் பந்தை எறிந்தபின் அந்தப் பந்து எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே மாட்டார். அவன் எழும்பிவிட்டானா என்றுதான் பார்ப்பார்.

மூன்றாவது ஆட்டத்தில் ஒருவன் பக்கவாட்டில் ஓடிவந்து மோதினான். டேரலின் தலை நிலத்தில் அடிபட்டது. சற்று நேரம் அசையவில்லை. பிறகு எழும்பி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடினான். சனங்கள் கைதட்டினார்கள். அன்ரி எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் நடந்ததை நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். கோப்பையில் பால் ஊற்றியவன் அது நிரம்பி மேசையில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்னை வேறு பெயரால் கூப்பிட்டான். பேஸ்மன்ற் ஜன்னலைத் துவாயால் மூடிவிட்டு இருட்டில் இருந்தான். ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது வாசற்படியில், குளிரில், கையில் சாவிக்கொத்தோடு இருந்தான். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

“எது இந்தக் கதவின் சாவி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்றான். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்ரி அவனை மேசையில் இருத்தினார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

“தலைக்கு என்னெண்டு அவங்களுக்குச் சொன்னியோ எண்டு கேள்.”

அவன் அணிக்காரருக்குச் சொல்லவில்லை. கேட்டபோது ஒன்றுமில்லை என்றிருக்கிறான். அவர்கள் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்களாம், சரியாகச் சொன்னானாம். பிறகு அவன் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆன்டி, தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதீர்கள். அவர்கள் பல வருடமாக ஒருவனைத் தேடுகிறார்கள். அது நான்தான் என்று பயிற்சியாளர் இந்தக் கிழமை சொன்னார். என் வாழ்க்கையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை.”

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி அவனுடைய தலையைத் தடவிவிட்டு, போய்ப் படுக்கச் சொன்னார். அவன் படியிறங்கிப் போனபின் என்னிடம் சொன்னார். அத்தனை வருடத்தில் தன் கணவர் போன விதத்தை அவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

“எங்கட அவருக்கு ஊரில ஆமிச் செக்பொயின்றில துவக்குப் பிடியால தலையில அடிச்சவங்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தவர். ஒண்டுமில்லை யோகம் எண்டவர். நானும் ஒண்டுமில்லையெண்டு நினைச்சு சோறு போட்டுக் குடுத்தன். படுத்தவர் எழும்பேல்லை.”

பிறகு, “விடிய அவன் போனபிறகு போன் எடு பிள்ளை” என்றார்.

காலையில் சமையலறை ரெலிபோனில் அணியின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். யார் யாரிடமோ மாற்றிக் கடைசியில் ஒரு ஆண் குரல் வந்தது. வீட்டுக்காரிக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் கேட்டார். நான் தடுமாறினேன். அன்ரி ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினார். கடைக்குப் போனால்கூட என்னைத்தான் ஆங்கிலம் பேசவிடுகிறவர் அவர்.

“ஹலோ. ஐ ஆம் ஹவுஸ் லேடி. டேரல் ஹெட் நோ குட். டோர் கீ, ஹி டோன்ட் நோ. யூ லுக். நோ பிளே. பிளீஸ், சேர், நோ பிளே.”

ஐயா என்று கெஞ்சிய அந்த ‘சேர்’ இன்னமும் என் காதில் கிடக்கிறது.

அன்றே டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைக்குள் வீக்கம் என்றும், அந்தப் பருவம் முழுவதும் ஆடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். அணிக்குக் காத்திருக்க நேரமில்லை. அந்தக் கிழமையே வேறொருவனை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டுவிட்டு டேரலை அணியிலிருந்து விடுவித்தார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து, வரலாமா என்று கேட்காமல் சமையலறைக்குள் நுழைந்தான். யார் கூப்பிட்டது என்று கேட்டான். நான் வாய் திறக்க முன்பே அன்ரி, “மீ” என்றார்.

“நீங்கள் என்னுடைய அம்மா இல்லை” என்றான்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. “ஓம்” என்று மட்டும் அன்ரி சொன்னார்.

அவன் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது அன்ரி வழிச்சாப்பாடு கட்டினார். ரக்சி வந்ததும் அதைக் கையில் கொடுத்தார். அவன் வாங்கினான், படியில் வைத்துவிட்டுப் போய் ரக்சியில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

உங்களில் சிலர் அன்ரிக்கு இது தேவையில்லாத வேலை என்றீர்கள். அந்தப் பெடியன் கோடீஸ்வரனாக வந்திருப்பான், கிழவி கெடுத்துவிட்டா என்று கோயில் மடப்பள்ளியில் ஒருவர் அவருடைய காதுபடவே சொன்னதை நான் கேட்டேன். அன்ரி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார், வெட்டி முடித்தார்.

பிறகு ஒருநாள் அந்த அணிக்கு அவர்கள் தேடியவன் கிடைத்தான். கிண்ணமும் கிடைத்தது. எங்கள் தெருப் பிள்ளைகள்கூட அவனுடைய இலக்கம் போட்ட சட்டையோடு திரிந்தார்கள். அன்ரிக்கு அதில் கோபமொன்றும் இருக்கவில்லை. “பாவம், அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, தலை பத்திரம்” என்றார். ஆனால் பேஸ்மன்றை மட்டும் அணிக்காரருக்கு மறுபடி கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் பேப்பரில் டேரலின் பெயரைக் கண்டேன். மேற்கே ஒரு அணியின் பயிற்சி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்களில் அதுவும் இருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் நடமாடுகிறான் என்று அறிந்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அன்ரி என்னிடம் திருப்பிக் கேட்டார்.

“அப்ப திரும்பவும் ஆடப் போனவனோ? அவங்களும் தலையைப் பாக்கேல்லையோ?”

அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நானும் விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அன்ரியைப் பார்க்கப் போனேன். நோய் அவரை உருக்கியிருந்தது. பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. மாலா தண்ணீர் எடுக்கப் போன நேரம், “அந்தப் பெடியன்ரை கதை ஏதும்...?” என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். நன்றாக இருக்கிறானாம், உங்களை விசாரித்தானாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு முன்னால் அது எனக்கு வரவில்லை. தெரியாது அன்ரி என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன்.

“என்னை வெறுத்தபடி எங்கையெண்டாலும் உயிரோடை இருந்தாப் போதும்” என்றார்.

யோகம் அன்ரியிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்த ஒரு வசனத்தைத்தான். அன்பு வைத்த ஒருவன் எங்களை வெறுத்துவிட்டுப் போவான் என்று தெரிந்தே அவனுக்காக ஒரு காரியத்தைச் செய்வது, செய்தபின் அந்த வெறுப்பைக் குறைசொல்லாமல் சுமப்பது. என்னால் அது முடியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் சுமந்ததைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்திருக்கிறேன். அது இலேசாக இருக்கவில்லை.