கற்பூரம் மணக்கிறதா என்று பார்த்தபடி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், வைத்துவிடுவேன். கொரோனா எனக்கு வரவே இல்லை. வராத நோயைப் பற்றி எழுதினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம். என்னைப்போல வெளியே சொல்லாமல் இருக்கிற ஒருவர் எங்கேயோ இருப்பார் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

நான் தென்மராட்சியில் தபாற்காரனாக வேலை செய்தவன். ஊரடங்கு நாட்களில் கடிதங்கள் நின்றுபோக, கிளினிக் மருந்துகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. வாசற் படலையில் மருந்துப் பையைக் கொழுவிவிட்டு சைக்கிள் மணியை அடிப்பேன். "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்று மறித்த வீடுகள், யன்னலால் கையை மட்டும் ஆட்டின.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு (மூச்சு இழுப்பு) இருக்கிறது. இந்த நோயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் தாங்கமாட்டாள். அந்த எண்ணம் எனக்குள் இறங்கிக் குந்திவிட்டது. கிணற்றடியில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போவேன். விறாந்தையில் தனியே படுப்பேன்.

நோய் வந்தால் மணம் தெரியாமல் போகும் என்று றேடியோவில் சொன்னார்கள். அடுத்த நாள் காலை சாமியறையில் கற்பூரம் கொளுத்தியபோது, என்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுத்தேன். மணந்தது. "முருகா" என்றேன். ஆனால் என் மனம் அவனிடம் இல்லை, மூக்கில் இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். அடிக்கடி கொளுத்தினால் புகை அவளுடைய முட்டுக்குக் கூடாது என்பதால், கற்பூரக் கட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒழுங்கைக்கு ஒழுங்கை (சந்துக்குச் சந்து) சைக்கிளை நிறுத்தி மணந்து பார்த்தேன். மணந்தால் அடுத்த படலை வரைக்கும் நிம்மதி. பிறகு நெஞ்சு திரும்பவும் அடிக்கும்.

அந்த நாட்களில் அரசாங்க வேலையாட்களின் பதகளிப்பு (மனம் ஓயாமல் பயத்தில் துடிப்பது) எவ்வளவு என்று அளந்து பார்க்க, ஒரு பெண் டொக்டர் எங்கள் தபாலகத்துக்கு வந்தார். அவர் கேள்வியை வாசிப்பார். இல்லை, சில நாள், கன நாள், ஒவ்வொரு நாளும் என்று ஒன்றை நாங்கள் சொல்லவேண்டும். எல்லோரும் ஒரே அறைக்குள் நின்றோம்.

என் முறை வந்ததும், கூட வேலை செய்த ராசன் தொடங்கினான்.

"டொக்டர், உவரைக் கேட்டு மினக்கெடாதேங்கோ. சந்நிதி முருகன் உவற்றை சைக்கிள் கரியரிலை ஏறி இருந்துதான் வாறவர்."

"எதிர்க்காத்துக்கு இறங்கித் தள்ளுறவரோ அண்ணை?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சொல்லுங்கோ ஐயா, பயமா இருந்ததோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை."

எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே சொன்னேன். நெற்றி நிறையத் திருநீறு. கந்தசஷ்டி விரதம் தவறாமல் பிடிக்கிறவன். பயம் என்று சொன்னால் முருகனை நம்பவில்லை என்று நானே சொன்னது போல ஆகிவிடும். "உங்களுக்குப் பதகளிப்பே இல்லை ஐயா" என்று டொக்டர் சந்தோஷப்பட்டார். என் கை சட்டைப் பைக்குள் கற்பூரத்தைப் பிடித்தபடி இருந்தது.

அதன் பிறகு மனைவிக்குத்தான் நோய் வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியாது. என்னைப் பரிசோதித்ததில் இல்லை என்றே முடிவு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, மெலிந்து வீடு திரும்பினாள். மணம் மட்டும் திரும்பவில்லை. இன்றைக்கும் இல்லை. கறி அடிப்பிடித்தால் நான்தான் சொல்லவேண்டும்.

ஊரடங்கு போனது. முகக்கவசம் போனது. நான் மணந்து பார்ப்பது போகவில்லை. கை நடுங்கி, கடிதங்கள் கீழே விழத் தொடங்கிய பிறகு அதே டொக்டரிடம் போனேன். அதே கேள்விகளைக் கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "அண்டைக்கு ஏன் ஐயா இல்லை எண்டனீங்கள்?"

"அண்டைக்கு நான் முருகனுக்கு மறுமொழி சொன்னனான், டொக்டர்."

"இது போயிடுமோ?" என்றும் கேட்டேன்.

"குறையும். முழுக்கப் போகுமெண்டு நான் சொல்லமாட்டன்."

குளிசை (மாத்திரை) தந்தார். நித்திரை வருகிறது, கை நடுக்கம் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த முறை கொடியேற்றத்துக்குத் தொண்டைமானாறு சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனோம். தீபம் காட்ட, சனமெல்லாம் கையைத் தலைக்கு மேலே தூக்கியது.

"இஞ்சேருங்கோ, கற்பூரம் மணக்குதோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம். நல்லா மணக்குது."

"அப்ப எனக்கும் சேத்துக் கும்பிடுங்கோ."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். கண்ணீர் கன்னத்தால் வழிந்தது. மணமே தெரியாதவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சை இழுத்து இழுத்து நின்றேன். தீபம் உள்ளே போன பிறகுதான் நான் கும்பிடவில்லை என்பது தெரிந்தது. அவளுக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை.

முந்தி எனக்குக் கோயில் மணியோடு பொழுது விடியும். இப்போது முதல் மூச்சை இழுத்து, அதில் ஏதாவது மணந்தால்தான் விடிகிறது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் இருப்பதுதான் என் காலம். இந்த உடம்பை நான் வைத்திருக்கவில்லை, காவல் காக்கிறேன். முருகனை இன்னும் நம்புகிறேன். அவனுக்கு முன்னால் நிற்கத்தான் முடியவில்லை.

இதை வாசிக்கிறவர்கள், இப்படி ஒருவரைக் கண்டால் என் கதையைச் சொல்லுங்கள். உள்ளபடியே சொல்லுங்கள். கடைசியில் முருகன் அவனைச் சுகப்படுத்திவிட்டான் என்று ஆறுதலுக்காக ஒரு சொல்லும் சேர்க்கவேண்டாம். அப்படி முடிகிற கதைகளைக் கேட்டு வளர்ந்துதான் நான் அன்றைக்கு இல்லை என்று சொன்னேன்.