கத்தி படாத தாடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். சாமி விஷயமும் வீட்டு விஷயமும் கலந்திருக்கிறது. ஆனாலும் மனசுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை.

ஜவ்வாது மலையில், சாமையும் புளியும் விளைகிற ஊர் எங்களுடையது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் பிள்ளை பிறக்கிற வரை என் வீட்டுக்காரர் முகத்தில் கத்தி படாது என்று குலதெய்வமான அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். அவருக்குத் தாடி கழுத்து வரை இறங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில், உலையை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்க்க கான்ட்ராக்டில் ஆள் எடுத்தார்கள். அவரும் போனார். அந்த வருடம் சாமை காய்ந்துவிட்டது. பிரசவத்துக்கு அந்தக் கூலியைத்தான் நம்பியிருந்தோம்.

எங்கள் ஊரில் பாறை மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஒரு சாயங்காலம் மாமியாரோடு ஏறி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். அவர் குரலே சரியில்லை.

“மாஸ்க் டெஸ்ட்ல ஃபெயில் ஆய்ட்டேன் புள்ள. மூஞ்சில மாஸ்க்க மாட்டி, தல மேல பை மாதிரி ஒண்ணக் கவுத்து, கசப்பு மருந்தப் பொகையாட்டம் அடிக்கறாங்க. நாக்குல கசந்தா மாஸ்க்குல சந்து இருக்குதுன்னு அர்த்தமாம். எனக்கு வேப்பங்காயாட்டம் கசக்குது.”

“இறுக்கிக் கட்டிப் பாக்கறதுதானே?”

“எவ்ளோ இறுக்கினாலும் தாடி வழியா பூந்துடுது. நாளிக்கி காலைல இன்னொரு தபா பாப்பாங்க. ஷேவ் பண்ணிட்டு வா, இல்லன்னா வூட்டுக்குப் போன்னுட்டாங்க. கூட வந்தவனுங்க, ‘கசக்கலன்னு தலயாட்டிடு சாமியாரே, உன் நாக்க யாரு எட்டிப் பாக்கப் போறாங்க’ன்றானுங்க. இன்னா பண்ணட்டும்?”

மாமியார் போனைப் பிடுங்கினார். “டேய், தலயாட்டிடு. கத்தி பட்டா இவ வயித்துல இருக்கறது தங்குமாடா?”

நான் போனை வாங்கி, “நீங்க வேல பாக்கற எடத்துல அப்படி இன்னாங்க இருக்குது?” என்றேன்.

“கண்ணுக்குத் தெரியாத தூசி. மூச்சுல போச்சுன்னா உள்ளயே தங்கிடும்ன்றாங்க.”

கண்ணை மூடி அம்மனை நினைத்தேன். தகப்பனை இழக்கவா பிள்ளை கேட்டேன் என்று தோன்றியது. “காலைல எடுத்துடுங்க. வேண்டிக்கினவ நானு. சாமிகிட்ட நானே பேசிக்கறேன்” என்றேன்.

பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து, ‘பொறுத்துக்கொள் தாயே’ என்று விளக்கடியில் வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே அடிவயிறு இழுத்துப் பிடித்தது. ஜீப்பில் போளூருக்குக் கொண்டுபோனார்கள். வளைவு வளைவாக இறங்கும்போது மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “சொன்னனே, கேட்டியா?” என்று அழுதபடியே வந்தார். இந்நேரம் கத்தி பட்டிருக்கும் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது. வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அசைவே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார். பிறகு குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் கேட்டது. “குழந்தை நல்லா இருக்கும்மா. ஆனா படுத்தே இருக்கணும்” என்றார். மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இங்கே நடந்தது எதுவும் தெரியாமல் அவர், “தாடிய எடுத்துட்டேன். இன்னிக்கி கசக்கல புள்ள. உள்ள போறேன்” என்றார். மாமியார் போனை வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்க்க நல்லா இறுக்கிப் போட்டுக்கடா” என்று மட்டும் சொன்னார்.

மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவர் மொட்டை போட்டுக்கொண்டார். மஞ்சள் முடிப்பும் அம்மன் உண்டியலில் சேர்ந்தது.

கத்தி பட்டதால்தான் வலி வந்தது என்பார்கள் சிலர். வேண்டுதலே வெறும் பேச்சு என்று சிலர் சிரிப்பார்கள். நான் இரண்டையும் சொல்லவில்லை. அன்று பாறை மேல் நான் பேசியதை அம்மன் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால் வலியையும் மறைக்காதீர்கள், பிள்ளை பிழைத்ததையும் பெரிதாக்காதீர்கள். கசந்ததைக் கசந்தது என்று அவர் சொன்னது போலவே, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.