அண்ணன் ஏன் தியாகி பென்ஷன் வாங்கவில்லை

அண்ணன் அவர்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. தெவசத்துக்கு வரும் உறவுமுறையாருக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுக்க இந்த நினைவு மலரைப் போடுகிறார்கள். "அத்தை, உங்களுக்குன்னு ரெண்டு பக்கம் விட்டிருக்கேன், எழுதிக் குடுங்க" என்று அண்ணன் மகன் கேட்டான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் நான். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "நெசமா ஜெயிலுக்குப் போயிருந்தா பென்ஷன் வாங்காம விட்டுருப்பாரா? மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துருப்பாரு" என்று என் காதுபடவே சொன்னார். அது பொய். ஆனால் அதைப் பொய்யென்று சொல்ல வேண்டுமானால், அறுபது வருஷத்துக்கு மேல் மூடி வைத்ததையும் சொல்லியாக வேண்டும்.

கீழப்பழுவூருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டை நம்பிய சிற்றூரில் அண்ணன் பிறந்தார்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் மீசை முளைக்கும் முன்பே ஏர் பிடித்தார்கள். வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன வருஷம் அரியலூர்க் கடைத்தெருவில் கொடி பிடித்துப் போய், திருச்சி ஜெயிலில் பத்து மாதம் இருந்தார்கள். திரும்பி வந்தபோது முன்பல் ஒன்று இல்லை, உடம்பெல்லாம் சிரங்கு. அம்மாதான் வேப்பிலை அரைத்துப் பூசினாள். மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் பல்லாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் காத்தாயி அக்கா குடும்பம் இருந்தது. வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பங்கு அளந்து பிழைத்தவர்கள். சொந்தமில்லாவிட்டாலும் அவள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவோம். யுத்த காலத்தில் சர்க்கார் ஆட்கள் வந்து வீடு வீடாகத் தானியம் எடுத்துப் போவார்கள். அதற்கு லெவி என்று பெயர். ஒரு நாள் மாமா அண்ணனிடம் கேட்டார்:

"ஏன் தம்பி, சுதந்திரம் சுதந்திரம்ங்கிறியே, அது வந்தா எங்களுக்கு என்னா கெடைக்கும்?"

"வெள்ளைக்காரன் நம்ம வெள்ளாமைய அள்ளிக்கிட்டுப் போயி அவன் சண்டைக்குப் போடுறான் மாமா. நம்ம ஆட்சி வந்துட்டா நம்ம வரகு நம்ம குழியிலயே இருக்கும்."

"அப்படின்னா ஒன் பேச்ச நம்பி இன்னும் ரெண்டு முழம் ஆழமா வெட்டிப்புடுறேன்" என்று மாமா சிரித்தார். அப்போதெல்லாம் வரகைக் கொல்லையில் குழி வெட்டி, வைக்கோல் பரப்பிக் கொட்டி, மேலே மண் போட்டு மூடி வைப்பது வழக்கம். சொன்னபடியே அவர் ஆழமாகத்தான் வெட்டினார்.

சுதந்திரம் வந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மழை பொய்த்தது. மறுபடியும் லெவி என்றார்கள். ஜனங்கள் அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம் போட்டு அண்ணன் பேசினார்கள். நானும் ஓரமாக நின்று கேட்டேன்.

"அன்னிக்கு அள்ளுனவன் அந்நியன். இன்னிக்குக் கேக்குறது நம்ம சர்க்காரு. பட்டணத்துல அரிசிக் கட வாசல்ல காத்துக் கெடக்குறதும் நம்ம சனந்தான். நம்ம சர்க்கார நாமளே ஏமாத்துனா அப்பறம் என்னா சுதந்திரம்?"

"சரி தம்பி, எங்களுக்குப் பத்தாமப் போனா?" என்றார் மாமா.

"சர்க்காரு குடுக்கும் மாமா. நான் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளே மாமா குழியைத் திறந்தார். ஆழத்தில் இருந்தது வரைக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் பானையில் இருந்ததை மட்டும் அம்மா அளந்து கொடுத்தாள், குழியைத் திறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது சொல்லக் கூச்சமானது. அந்த வாரம், நான் வயசுக்கு வந்துவிட்டதாக அம்மா ஊருக்குச் சொன்னாள். நான் வரவில்லை. "எவ கேட்டாலும் தலையக் குனிஞ்சுக்க, வாயத் தொறக்காத" என்றாள். விஷயம் தெரியாத தாய்மாமன் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்து என்னைத் தனியே உட்கார வைக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்டிக் கொடுத்தார். அம்மா காட்டிய இடம் மாட்டுக் கொல்லை, எங்கள் வரகுக் குழிக்கு நேர் மேலே. குச்சில் பெண் உட்கார்ந்திருந்தால் எந்த ஆம்பளையும் கிட்டே வரமாட்டான் என்பது அவள் கணக்கு.

வெளியூர்களுக்குப் பேசப் போயிருந்த அண்ணன் மூன்றாம் நாள் காலையில் வந்தார்கள். குச்சு இருந்த இடத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஏம்மா, இங்கயா குச்சு போடுவாங்க?"

"வேற எங்க போடுறது? நீ நாலு ஊருக்குப் பேசுற. நான் இந்த மூணு வயித்துக்குப் பேசுறேன்."

"காத்தாயி அக்கா வூட்டுல நான் சொன்னேன்னு அள்ளிக் குடுத்துட்டாங்கம்மா."

"அவுங்க குடுத்தா அது அவுங்க மனசு. போயி எடுத்துக் காட்டுடா. ஒன் தங்கச்சி பொய்யா குந்தியிருக்கான்னு ஊரு காறித் துப்பட்டும். நாளைக்கு எவன் கட்டிக்குவான் இவள?"



சற்று நேரத்தில் காத்தாயி அக்கா உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள். "தின்னு தாயி, இடுப்புக்குப் பலம். கைப்பிடி உளுந்துதான் இருந்துச்சு, குத்தமா நெனைக்காத" என்று ஓலையை விலக்கி வைத்துவிட்டுப் போனாள்.

உச்சி நேரத்துக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். "நீங்க ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்க. உங்க வீட்டைச் சோதனை போட எனக்கு மனசு வரலை. வாயால சொல்லுங்க, அது போதும். வேற இருப்பு ஏதாவது இருக்குங்களா?" என்றார்.

ஓலை இடுக்கில் அண்ணனுடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. கட்டைவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள்.

சர்க்கார் தானியம் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. அண்ணன் அரியலூர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். "வெளயிற ஊருக்கு ரேஷன் கெடையாது" என்றார்களாம். அடுத்த வீட்டில் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றார்கள். "குழியத் தொறந்து குடுத்துடலாம்மா" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "தொறந்தா வரகு மட்டுமா வெளிய வரும்?" என்பாள் அம்மா.

ஆடியில் ஒரு நாள் காலை, அம்மாவைக் கேட்காமலே அண்ணன் குழியை வெட்டினார்கள். கூடை நிறைய வரகைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கட்டும் என்று தெரு வழியாகவே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கதவு கயிற்றால் கட்டியிருந்தது. அரியலூர் போய் ரயில் ஏறுவதாக விடியலிலேயே கிளம்பிவிட்டார்கள் என்றார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூடையை அண்ணன் இறக்கவே இல்லை, வெகுநேரம் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அண்ணன் ஏறவில்லை. கதரை மட்டும் விடவில்லை. உழுதார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், என்னையும் கட்டிக் கொடுத்தார்கள். ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போனால் சாமான் வாங்குவதைவிட முகங்களைப் பார்ப்பதுதான் அதிகம். வயசுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்பதால் என் படிப்பும் அந்தப் பொய்யோடு நின்றது. அதற்காகவும் என் முகத்தை நேராகப் பார்க்க அண்ணனால் முடியவில்லை.

தியாகி பென்ஷனுக்கு மகன் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தபோது, "ஜெயிலுக்குப் போனதுக்குக் குடுப்பாங்க. நான் பொறுப்புன்னு சொல்லிட்டுத் தவறுனதுக்கு என்னா குடுப்பாங்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வாய் திறக்கவில்லை.

கடைசி நாட்களில் கஞ்சியைக் கூடத் தள்ளிவிட்டார்கள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "காத்தாயி அக்கா வூட்டுக் கதவு தொறந்திருக்கா பாரு" என்றார்கள். அந்த வீடு இடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. "தொறந்திருக்குண்ணே" என்றேன். அதன் பிறகுதான் இரண்டு வாய் கஞ்சி இறங்கியது. மறுநாள் போய்விட்டார்கள்.

இரவு பகல் பார்க்காமல் வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், கூடமாட இருந்து தூக்கிப் படுக்கவைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், மழையில் பாடையைச் சுமந்தவர்களுக்கும், இந்த மலருக்காக அலைந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காத்தாயி அக்கா வழியில் வந்தவர்கள் யாராவது, எந்த ஊரிலாவது, இதைப் படிக்க நேர்ந்தால் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அண்ணனை மன்னிக்க வேண்டும். அவர்கள் ஒரு பொய்தான் சொன்னார்கள், அதுவும் எனக்காக. உங்கள் வீட்டுக் கடைசி உளுந்துக் களியை, வரகுக் குழியின் மேல் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் தின்றவள் நான்.