ஒரே இடத்தில் குத்திய ஊசி

காப்பிப்பழம் புளிக்கும் வாடை வந்தாலே அண்ணன் எதிரில் வந்து நிற்கிறார். ஏற்காட்டு மலையில், கரடியூரில் காப்பி வியாபாரி. மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தூசி போட்டுக் கொட்டையை எடுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் வாங்கமாட்டார்.

அவர் ஈரலில் கட்டி வந்தபோது, ஒரே இடத்தில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து ஒரு வகைப் புற்றுநோய் என்றார்கள் டாக்டர்கள். அதற்கான மருந்திலேயே மழைக்காலம் போயிற்று. கட்டியோ வளர்ந்தது. மறுபடி வேறு இடத்தில் குத்தியபோதுதான், அதே கட்டிக்குள் இன்னொரு வகையும் கலந்திருந்தது தெரிந்தது. நொந்துபோய்க் கேட்டால், அபூர்வமாம்.

இப்போதெல்லாம் ஊசிப் பரிசோதனைக்கு மலையிறங்குகிறவர்களிடம், "எத்தன எடத்துல எடுத்தீங்கன்னு கேளுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கடைசியாகப் பார்த்த அன்று, ஏற்காடு பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னிடம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அண்ணன் சொன்னார்:

"டாக்டருங்க நொம்ப நல்லவங்கதான் கண்ணு. மூட்டை வாங்கத்தான் தெரியல."