கவ்வாத்து வாங்கிய கறுவா

தெமோதரையில் நாங்கள் வீடு கட்டிய துண்டுக் காணியில் குசினிக்குப் பின்னால் மட்டும் வெயில் விழாது. ஒரு பக்கம் மண்மேடு, மேலே பக்கத்து வீட்டுப் பலாமரம். ரோஜா வைத்தேன், அழுகியது. மிளகாய் வைத்தேன், குச்சியாகவே நின்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை அறை ஒன்றில் பிறந்தவளுக்குச் சொந்த மண் கிடைத்தும் அதில் ஒரு மரம் நிற்கவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை கறிக்குப் பட்டை தரும் கறுவாக் கன்று ஒன்று கொடுத்தார். நம் காட்டு மரம்தான், சின்னதில் நிழல்தான் அதற்குப் பிடிக்கும் என்றார். சொன்னபடியே வேர் பிடித்துக்கொண்டது. தளிர் விட்டால் இலையெல்லாம் சிவப்பு. காலையில் அதைப் பார்க்காமல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அண்ணன் வந்தார். தோட்டத்தில் காலமெல்லாம் கவ்வாத்து வெட்டியவர். உயர்ந்துபோன தேயிலையை முழங்கால் மட்டத்துக்கு வெட்டிவிடும் வேலை. அந்தக் கத்தி எப்போதும் அவர் இடுப்பிலேயே இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், தங்கைக்கு உதவியாக இருக்கட்டுமே என்று வீட்டின் பின்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்கிறார். வந்து பார்த்தால், என் கறுவா முழங்கால் உயரக் கட்டையாக நிற்கிறது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான்.

"ஒசந்து போயிருந்திச்சு, அதான் மட்டம் பண்ணுனேன்" என்றார்.

கத்தினேன். பிறகு அழுதேன். அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். என்னோடு பேசவில்லை. நேரே பின்னால் போய்க் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிடுவார். எனக்கும் கோபம் ஆறவில்லை, கூப்பிடவில்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. ஓடினேன். கட்டையைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகத் துளிர்கள்.

"கருகுதா தங்கச்சி?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

இல்லை அண்ணே, பிறக்கும்போதே அதற்கு இந்த நிறம்தான் என்றேன். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அவர் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட்டார். புறப்படும்போது மறுபடியும் பின்னால் போனார். ஒரு துளிர் மட்டும் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவரின் கை தானாக இடுப்புக்குப் போனது. எனக்குப் பக்கென்றது.

"பயப்புடாத" என்றார். "அன்னைக்கிலிருந்து ஒன் வீட்டுக்கு வரும்போது கத்தி எடுக்கிறதில்ல."