அப்பா லீவுக்கு வரும் வரை

சாம்சன் பதினாறு வருடங்களாக ராணுவத்தில் இருக்கிறார். ராஜஸ்தான் பக்கம் ஒரு யூனிட்டில் ஹவில்தார், வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை. எந்த என்ஜினையும் இருட்டில்கூடப் பிரித்து மாட்டிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், ராஜபாளையம் பக்கம் தேவதானத்தில் இருக்கும் பத்து வயது மகள் பிரிஸ்கில்லா கத்தியைக் கையில் எடுத்தாள் என்று போனில் கேட்டாலே ஆடிப்போய்விடுவார்.

வெறும் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். மகள் முதல் அடி எடுத்து வைத்த அன்று அவர் லடாக்கில் இருந்தார். முதல் பல் விழுந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் போனது எல்லாமே போன் திரையில்தான். அதுவும் பாதியில் உறைந்து நின்றுவிடும். ஏதாவது ஒன்றையாவது அவள் முதன்முதலாகச் செய்யும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், மனிதருக்கு அந்த ஒரே ஏக்கம். பிள்ளை நடப்பதைத் தள்ளிப்போட முடியாது. ஆபத்தானதைத் தள்ளிப்போடலாமே! அப்படித்தான் அந்தச் சட்டம் பிறந்தது.

"சைக்கிளா? நான் வந்த பொறவு பாத்துக்கிடலாம்."

"அருவாமனையா? ஏட்டி கிருபா, ஒனக்கென்ன கிறுக்கா? நான் வந்து சொல்லிக்குடுக்கேன்."

"கெணத்துல நீச்சலா? மூச்சு விடக்கூடாது. நான் வரணும்."

மனைவி கிருபாபாய் கேட்பார்: "நீங்க வர்ற வரைக்கும் பிள்ள வளராம நிக்குமாக்கும்?"

ஒரு வருடத்து லீவு, அவருடைய அம்மாவின் ஆபரேஷனோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரைந்தது. அடுத்த வருடம் லீவே ரத்து. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த மே மாதம் ஒருவழியாக வந்தார். இருபது நாள்! ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கியவர், கடை திறக்கும் வரை காத்திருந்து ஒரு புது சைக்கிளையும் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கே போனார்.

பிரிஸ்கில்லா கால் மணி நேரம் தள்ளாடினாள். சாயங்காலம் சர்ச் வரைக்கும் தனியாக ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். "பாத்தியா, என் ரத்தம்லா!" என்று தெருவே கேட்கக் கத்தினார் சாம்சன். கிருபாபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மகள் அருவாமனையில் முருங்கைக்காயை அளந்து வைத்தது போல ஒரே நீளத்தில் நறுக்கினாள். அடுத்து, நட்டு வைத்த கடப்பாரையில் தேங்காய் உரிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் மட்டையை வலப்பக்கம் திருப்பிக் காட்ட, அவள் அம்மாவைப் போலவே இடப்பக்கம் திருப்பினாள். என்னமோ இடறியது அவருக்கு. ஆனாலும் சந்தோஷம் கண்ணை மறைத்தது.

கிணற்றுக்குப் போனது அவர் கிளம்புவதற்கு முந்தின நாள். அவர்கள் தோப்புக் கிணறு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள். மூழ்காமல் மிதக்க, காலி ஆயில் கேனை மகள் முதுகில் கட்டிவிட்டு அவர் முன்னால் இறங்கினார். ஐந்தாவது படி ஆடும். எச்சரிக்கலாம் என்று நிமிர்ந்து பார்த்தால், அவள் குனிந்துகூடப் பார்க்காமல் அந்தப் படியைத் தாண்டி ஆறாவதில் கால் வைத்துவிட்டாள்.

சாம்சன் அப்படியே நின்றார்.

"அந்தப் படி ஆடும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

பிரிஸ்கில்லா மேலே நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா தென்னை மரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒன்னயத்தான் கேக்கேன்."

"போன வருசமே தெரியும்ப்பா." குரல் கிணற்றுக்குள் எதிரொலித்தது. "அழாதீங்கப்பா."

"நான் எங்க அழுதேன்? சைக்கிளு?"

"ரெண்டாங் கிளாஸ்ல."

"அருவாமனை?"

"அதுவுந்தான்."

"ஆக, ஆத்தாளும் மகளும் சேந்து எனக்கு நாடகம் காட்டியிருக்கிய!"

கிருபாபாய் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். "ஏங்க, தோப்புக்குள்ள கெணத்த வச்சிக்கிட்டு நீச்சல் தெரியாத பிள்ளையோட நான் தெனம் பயந்து சாகணுமா? நான் ராத்திரி ட்யூட்டிக்கு மில்லுக்குப் போனா அவதான காய் நறுக்கி வைக்கா. நீங்க அம்புட்டு ஆசையா சைக்கிளத் தூக்கிட்டு வந்து எறங்குனீங்க. சொல்ல மனசு வரல."

சாம்சனுக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் தோன்றியது. யார்மேல் கோபப்படுவது? முதுகில் தேவையே இல்லாத கேனோடு படியில் நின்றுகொண்டிருந்தாள் பிள்ளை. அவருக்காகத்தான் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள்!

"ப்பா, ஒண்ணு மட்டும் பாக்கி இருக்கு" என்றாள். "பம்புசெட் ரூம் மேல இருந்து குதிக்கது. அம்மா விடவே இல்ல."

"நெசமாவா? இதுவும் நாடகமா?"

"ஏசப்பா சத்தியமா இல்ல."

கிருபாபாய் எழுந்தே விட்டார். "அது எம்புட்டு ஒயரம்! வேண்டாங்க."

சாம்சன் தண்ணீரில் இறங்கினார். உடனே முங்கி அடிமட்டம் வரை போனார். கல் இருக்கிறதா, கட்டை இருக்கிறதா என்று காலால் துழாவினார். மூன்று ஆள் ஆழம், சுத்தம். மேலே வந்து மூச்சு வாங்கினார். "ஏறு மக்கா."

அவள் கேனை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஏறினாள். கிணற்றை ஒட்டி நிற்கும் அந்தக் கூரையின் விளிம்பில் வந்து நின்றாள். கீழே நீரில் அண்ணாந்து மிதந்தார் அவர். பத்து வருடமாக ஏங்கியது இதோ, ஒரு நொடி தூரத்தில்!

ஆனால் அவள் குதிக்கவில்லை. கீழே பார்த்தாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள்.

"ப்பா... பயமா இருக்கு."

'குதி, அப்பா இருக்கேன்லா' என்று ஒரு வார்த்தை போதும். அவள் குதித்துவிடுவாள். சைக்கிளில் தள்ளாடிக் காட்டிய பிள்ளைதானே, அவர் முகத்துக்காக இதையும் செய்வாள். நாளைக்கு ரயில். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"எறங்கி வந்துரு" என்றார்.

அவள் அழுதுகொண்டே இறங்கி வந்தாள். "சாரிப்பா. அடுத்த லீவுக்கு நீங்க வந்த பொறவு கண்டிப்பா குதிக்கேன்."

"வேண்டாம்ட்டி." ஈரக்கையால் அவள் முகத்தைத் துடைத்தார். "ஒனக்கு எப்ப தைரியம் வருதோ அன்னைக்குக் குதி. அம்மா பக்கத்துல நிக்கணும், முதல்ல ஆழம் பாக்கணும். அம்புட்டுத்தான். எனக்காகக் காத்துக் கெடக்காத."

கிருபாபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்தபோது போன் வந்தது.

"ப்பா! குதிச்சிட்டேன்! மேல இருந்து! அம்மா கத்துச்சு, நான் தண்ணிக்குள்ள போயிட்டு வந்துட்டேன்!"

ஐந்து நொடியில் கதை முடிந்துவிட்டது. சாம்சன் கிரீஸ் கையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து. முதல்ல இருந்து சொல்லு. கூரை சுட்டுச்சா? எந்தக் கால முதல்ல எடுத்த?"

"அது ஞாபகம் இல்லப்பா."

"யோசிச்சுச் சொல்லு மக்கா, எம்புட்டு நேரம் ஆனாலும் பரவால்ல. நான் லைன்லதான் இருக்கேன்."